தர்ட்டி-தர்ட்டிக்கு ஈய புல்லட்: பேரல்ல ஈயம் ஒட்டுதுன்னா முதல்ல சைஸைப் பாருங்க

கேள்வி இதுதான். பென்சில்வேனியால இருக்கார், கைல பழைய மார்லின் 336 ரைஃபிள், தர்ட்டி-தர்ட்டி (.30-30) தோட்டா போடறது. கடைல விக்கிற தோட்டா விலை கட்டுப்படியாகல, அதனால கார் சக்கரத்துல மாட்டற ஈய வீல் வெயிட்டை உருக்கி லீ மோல்டுல 170 கிரெயின் எடையுள்ள புல்லட் ஊத்தி தானே லோட் பண்ணியிருக்கார். நூறு கஜத்துல ஆறேழு இன்ச் சிதறுது, கொஞ்ச ரவுண்டுலயே பேரல் உள்ள ஈயம் அப்பிக்குது. தெரிஞ்சவர் ஒருத்தர் "உன் ஈயம் ரொம்ப சாஃப்ட், லைனோடைப் (அச்சுக்கூடத்து ஈயக் கலவை) சேத்து கெட்டியாக்கு, இல்ல மோல்டுலேர்ந்து சூடா தண்ணில தட்டு"ன்னு சொல்லியிருக்கார். மான் சீசனுக்குள்ள அதைச் செஞ்சு முடிச்சுடலாமான்னு கேக்குறார்.

வேண்டாங்க. கெட்டியாக்குறது இங்க ரெண்டு வகையில தப்பு. உங்க பிரச்சனை பெரும்பாலும் கெட்டித்தனம் இல்ல, புல்லட் உங்க பேரலுக்குச் சின்னதா இருக்கு. கெட்டியாக்கிட்டு அதே சைஸ்ல சுட்டா ஈயம் இன்னும் மோசமா ஒட்டவும் வாய்ப்பு இருக்கு. ரெண்டாவது, மான் அடிக்கிறதுக்கு ரொம்பக் கெட்டியான புல்லட் ஆகவே ஆகாது. பேப்பர்ல ஓட்டை போடற ஆளுக்கு சரியா இருக்கற அட்வைஸை வேட்டைக்கு அப்படியே எடுத்துக்கக் கூடாது.

காரணம் என்னன்னா, பேரல் உள்ள சுருளா போற பள்ளத்தை (ரைஃப்ளிங்) புல்லட் முழுசா அடைக்கலன்னா பின்னாடி வர்ற சூடான வாயு பக்கவாட்டுல பீறிட்டுப் போகும், தேஞ்சுபோன பிஸ்டன் ரிங் வழியா கம்ப்ரெஷன் லீக் ஆகற மாதிரி. அந்த வாயு போற வழில ஈயத்தை உருக்கி அரிச்சு பேரல் சுவத்துல பூசிடும். சாஃப்ட் ஈயமா இருந்தா பிரஷர்ல கொஞ்சம் உப்பி தானே அடைச்சுக்கும், கெட்டியான ஈயத்துக்கு அதுவும் இல்ல. ஈயம் எங்க ஒட்டியிருக்குன்னு பாத்தாலே பாதி விடை கிடைச்சுடும். சேம்பர் (தோட்டா உக்கார்ற அறை) பக்கத்துல, ரைஃப்ளிங் ஆரம்பிக்கற இடத்துல ஒட்டியிருந்தா சைஸ் பத்தல. முனைல மட்டும் ஒட்டியிருந்தா லூப் (புல்லட் மேல பூசற வழுக்கு மெழுகு) பாதி வழில தீந்துபோச்சுன்னு அர்த்தம்.

மார்லின்ல இது கூடுதலா தொந்தரவு. 1950கள்லேர்ந்து அவங்க போட்ட மைக்ரோ-க்ரூவ் ரைஃப்ளிங்ல 12 பள்ளம், எல்லாமே ஆழம் கம்மி. செம்பு உறை போட்ட ஜாக்கெட் புல்லட்டுக்கு அருமையா இருக்கும், ஈய புல்லட் கொஞ்சம் சின்னதா இருந்தா பிடிமானம் இல்லாம வழுக்கிடும். "மைக்ரோ-க்ரூவ்ல ஈயம் வேலைக்கே ஆகாது"ன்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு, அது உண்மை இல்ல, பெருசா போட்டா நல்லாவே ஓடும்.

சரி, எப்படி அளக்கறது. ரைஃபிள் காலியா இருக்கான்னு ரெண்டு தடவை பாத்துட்டு, மீன் பிடிக்கற சாஃப்ட் ஈய குண்டு ஒண்ணு எடுங்க, பேரலை விட லேசா பெருசா இருக்கணும். பேரல்ல கொஞ்சம் எண்ணெய் விட்டு முனைலேர்ந்து ஒரு தட்டு தட்டி உள்ள இறக்கி, பித்தளைத் தடியால மெதுவா தள்ளுங்க. எங்க சுலபமா போகுது எங்க இறுக்குதுன்னு கைக்கே தெரியும். வெளிய வந்த ஈயத்தை மைக்ரோமீட்டர்ல அளங்க, காலிப்பர் வேண்டாம், இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு விஷயத்துக்கு காலிப்பரை நம்ப முடியாது. புக்குல 0.308னு இருக்கும், ஆனா 0.309 அளவுள்ள மார்லின் ஒண்ணும் அபூர்வம் இல்ல. அளவு என்ன வருதோ அதுக்கு மேல ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு அதிகமா புல்லட் இருக்கணும். அதாவது 0.309 வந்தா உங்களுக்கு வேண்டியது 0.310 இல்ல 0.311. புல்லட்டை அழுத்தி ஒரே அளவாக்கற சைஸிங் டை உங்ககிட்ட 0.309ஆ இருந்தா கோளாறு அங்கயேதான்.

எவ்ளோ வேணா பெருசா போட்டுடலாமான்னா அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. உங்க ரைஃபிள்ல சுட்ட காலி கேஸ் (பித்தளைக் கூடு) ஒண்ணை எடுத்து, சைஸ் பண்ணாம, வாய்ல க்ரிம்ப் மடிப்பு இருந்தா அதை நிமித்திட்டு, உங்க புல்லட்டை அதுல போட்டுப் பாருங்க. விரல் விட்டாலே உள்ள விழணும். இறுக்கமா போனா, லோட் பண்ணின ரவுண்டோட கழுத்துக்கு சேம்பர்ல விரிய இடம் இருக்காது, சுடும்போது கேஸ் புல்லட்டை விட முடியாம பிரஷர் எகிறும். அது விளையாட்டு இல்ல.

இப்ப நிறைய பேர் கோட்டை விடற இடத்துக்கு வரேன். 0.311க்கு அழகா சைஸ் பண்ணி லூப் போட்டு வச்சிருப்பாங்க, அப்புறமும் ஈயம் ஒட்டும். ஏன்னா சாதாரண லோடிங் டை செட் ஜாக்கெட் புல்லட்டுக்குப் பண்ணினது. அதோட எக்ஸ்பாண்டர் கேஸ் கழுத்தை 0.306, 0.307 அளவுக்குத்தான் விரிக்கும். அந்த இறுக்கமான பித்தளைக் கழுத்துல சாஃப்ட் ஈயத்தைத் திணிச்சா யார் ஜெயிப்பா, பித்தளைதான். உள்ள போன 0.311 புல்லட் 0.309ஆ குறுகி உக்காந்திருக்கும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. அதனால பவுடர், ப்ரைமர் இல்லாம ஒரு டம்மி ரவுண்டு லோட் பண்ணுங்க, க்ரிம்பும் போடுங்க, அப்புறம் சுத்தியல் மாதிரி இருக்கற புல்லரால புல்லட்டை வெளிய எடுங்க. புல்லரோட அடில ஒரு பஞ்சு இயர்-பிளக் போட்டு வச்சா மூக்கு நசுங்காது. எடுத்த புல்லட்டை மறுபடி அளங்க. குறைஞ்சிருந்தா லைமன் எம்-டை மாதிரி ஈய புல்லட்டுக்குன்னே இருக்கற எக்ஸ்பாண்டர் வாங்குங்க, அது கழுத்தை சரியான அளவுக்கு விரிச்சு வாயை லேசா மலர்த்தியும் விடும், புல்லட்டோட அடி சுரண்டுப்படாம நேரா இறங்கும். இந்த ஹாபில நான் செலவு பண்ணின காசுல இதைவிட உருப்படியானது ரொம்ப இல்ல.

இன்னொரு விஷயம், இதுவரைக்கும் ஜாக்கெட் புல்லட் சுட்ட பேரல்னா உள்ள செம்பு படிஞ்சிருக்கும். அது மேல ஈயம் உடனே பிடிச்சுக்கும். செம்பு எடுக்கற சால்வென்ட் போட்டு, துணில நீலம் வர்றது நிக்கற வரைக்கும் சுத்தம் பண்ணுங்க. இப்ப ஒட்டியிருக்கற ஈயத்துக்கு பாத்திரம் தேய்க்கற செம்பு நார், சோர் பாய்னு கடைல கிடைக்கும், அதுல கொஞ்சம் பிச்சு பழைய பிரஷ் மேல சுத்தி தேச்சா ஈயம் வெள்ளி இழை மாதிரி வரும். நார் நிஜமா செம்புதானான்னு காந்தம் வச்சுப் பாத்துக்கோங்க, காந்தம் இழுத்தா அது செம்பு பூசின இரும்பு, பேரல்ல விடாதீங்க.

ஈயக் கலவைக்கு வருவோம். பழைய கிளிப் வச்ச வீல் வெயிட் அப்படியே ஊத்தினா கெட்டித்தனத்தை அளக்கற பிரினெல் கணக்குல 12 பக்கம் வரும், ஏறக்குறைய 4 சதவீதம் ஆண்டிமனி (ஈயத்தைக் கெட்டியாக்கற உலோகம்), வெள்ளீயம் பேருக்குத்தான். சுத்தமான ஈயம் 5. லைமன் நம்பர் 2ன்னு சொல்றது 90 ஈயம், 5 வெள்ளீயம், 5 ஆண்டிமனி, அது 15. உங்க ஃப்ரெண்ட் சொன்ன லைனோடைப் 22. அதுல 12 சதவீதம் ஆண்டிமனி, எலும்புல பட்டா உடைஞ்சு சிதறக்கூடிய சரக்கு. தண்ணில தட்டின வீல் வெயிட் 20ஐத் தாண்டவும் செய்யும், அது சிதறாது, ஆனா விரியவும் விரியாது, மான் உடம்புல ஊசி மாதிரி இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்துடும். மான் கடைசில சாகும், ஆனா எவ்ளோ தூரம் ஓடி, எந்தப் புதர்ல, ரத்தத் தடம் இருக்குமா இல்லையா, இதெல்லாம் இருட்டற நேரத்துல டார்ச் அடிச்சுத் தேடும்போதுதான் தெரியும்.

இந்த வேகத்துக்கு நான் சிபாரிசு பண்றது பாதி கிளிப் வீல் வெயிட், பாதி சாஃப்ட் ஈயம், அதோட சுமார் 2 சதவீதம் வெள்ளீயம். ஈயம் கலக்காத சால்டர் கம்பி இருந்தா அதையே வெள்ளீயத்துக்குப் போடலாம். காத்துல ஆறவிட்டா பிரினெல் 10 பக்கம் நிக்கும். வெள்ளீயம் இருக்கறதால மோல்டு மூலையெல்லாம் நல்லா நிறையும், அடிபட்டா உடையாம விரியும். ஊத்தினவுடனே டெஸ்ட் பண்ணாதீங்க, ஆண்டிமனி கலவை ரெண்டு வாரம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா கெட்டியாகும். ஒண்ணு கவனிங்க, சாஃப்ட் ஈயம் கூடக்கூட ஆறும்போது சுருங்கறதும் கூடும், அதே மோல்டுலேர்ந்து புல்லட் துளி சின்னதா விழும். 0.311 கிடைக்கலன்னா பவுடர் கோட்டிங் (தூள் பெயின்ட் பூச்சு) பண்ணிப் பாருங்க, 200 டிகிரி செல்சியஸ்ல 20 நிமிஷம் சுட்டா அதுவே ஒரு தோல் மாதிரி விட்டத்தை ஏத்திக் கொடுக்கும், லூபும் தேவையில்ல. சமையல் ஓவன்ல பண்ணாதீங்க, அதுக்குன்னு பழசு ஒண்ணு வாங்கிக்கோங்க.

பிரஷருக்கு ஏத்த கெட்டித்தனம் வேணும்னு ஒரு ஃபார்முலா சொல்லுவாங்க, பிரினெல்லை 1422ஆல பெருக்கினா இவ்ளோ பிஎஸ்ஐ பிரஷர் தாங்கும்னு. அந்தக் கணக்குல பிரினெல் 12 ஏறக்குறைய 17,000 பிஎஸ்ஐ. தர்ட்டி-தர்ட்டியோட உச்ச எல்லை 42,000. அப்ப சாஃப்ட் ஈயம் எப்படி ஓடுதுன்னா, அடில போடற செம்பு கேஸ் செக், அதாவது சூடான வாயுவைத் தடுக்கற சின்னத் தொப்பி. உங்க லீ மோல்டு கேஸ் செக் வைக்கற மோல்டுதான், அதை மிச்சம் பிடிக்காதீங்க. கேஸ் செக் போட்டு சைஸ் சரியா இருந்தா அந்த ஃபார்முலாவை விட நிறைய தாராளம் கிடைக்கும்.

உருக்கறதுல உயிர் போற விஷயங்கள் சிலது இருக்கு. ஒரு சொட்டு தண்ணி உருகின ஈயத்துக்கு அடில போச்சுன்னா நொடில ஆவியாகி மொத்தப் பானையையும் மேல தூக்கி அடிக்கும். ஈரமான வீல் வெயிட், ஈரக் கரண்டி எதுவும் பக்கத்துல வரக்கூடாது, முகத்துக்கு ஷீல்டு, கைக்கு லெதர் க்ளவுஸ், முழுக்கை சட்டை. கார் பேட்டரியை உடைச்சு ஈயம் எடுக்கலாம்னு யாராவது சொன்னா கேக்கவே கேக்காதீங்க, அந்தக் கசடு ஈரம் பட்டா ஆர்சின், ஸ்டிபின்னு விஷ வாயு வரும். வீட்டுக்குள்ள, குழந்தைங்க இருக்கற இடத்துல உருக்காதீங்க. உருகின ஈயத்தோட ஆவியை விட மேல எடுத்துப் போடற சாம்பல் தூசிதான் ஆபத்து, அது கைல ஒட்டி சாப்பாட்டுல போகும். டாக்டர்கிட்ட ரத்தத்துல ஈயம் எவ்ளோன்னு அப்பப்ப ஒரு டெஸ்ட் எடுத்துக்கோங்க.

வீல் வெயிட்டைப் பிரிக்கும்போது துத்தநாகம் கலந்துடாம பாருங்க. கட்டிங் பிளையரால கடிச்சா ஈயம் வெண்ணெய் மாதிரி அமுங்கும், துத்தநாகம் அமுங்காது. ஈயம் உருகறது 327 டிகிரி, துத்தநாகம் 419. பானையை 370ஐத் தாண்ட விடாம வச்சா தவறி விழுந்தது மேல மிதக்கும், அள்ளிப் போட்டுடலாம். கலந்துபோச்சுன்னா அந்தப் பானை கஞ்சி மாதிரி ஆகி மோல்டுல இறங்கவே இறங்காது. கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாதிரி மாநிலங்கள் ஈய வெயிட்டையே தடை பண்ணிட்டதால டயர் கடை பக்கெட்ல இப்ப பாதிக்கு மேல இரும்பும் துத்தநாகமும்தான்.

ஊத்தும்போது புல்லட்ல சுருக்கம் விழுந்தா மோல்டு சூடு பத்தல இல்ல எண்ணெய் இருக்கு. லேசா பனி பூத்த மாதிரி இருந்தா பரவால்ல, சூடு கொஞ்சம் அதிகம், அவ்ளோதான். அடி ஓரம் கூர்மையா, முழுசா இருக்கணும். மூக்குல சின்னக் குழி இருந்தா மன்னிச்சு விடலாம், அடில இருந்தா திரும்பப் பானைக்கே. பேரலை விட்டு வெளிய வரும்போது புல்லட்டைத் திசை திருப்பறது அடிதான்.

இனி பவுடர். எவ்ளோ கிரெயின்னு நம்பர் நான் எழுத மாட்டேன், யார் எழுதினாலும் எடுத்துக்காதீங்க. லைமனோட ஈய புல்லட்டுக்கான லோடிங் மேனுவல் ஒண்ணு வாங்கி, உங்க புல்லட் எடைக்கு அதுல இருக்கற ஸ்டார்ட்டிங் லோடுலேர்ந்து அரை அரை கிரெயினா ஏறுங்க, மேக்ஸிமத்தைத் தாண்டாதீங்க. பவுடர் தேர்வுல மட்டும் என் அபிப்பிராயம் சொல்றேன். சிக்கனத்துக்காக நிறைய பேர் யூனிக், ரெட் டாட் மாதிரி வேகமான பவுடர் போடுவாங்க, கொஞ்சூண்டு போதும். டார்கெட்டுக்கு அருமை. ஆனா அது கேஸ்ல பாதி கூட நிறையாது, கவனக்குறைவா ரெண்டு தடவை ஊத்தினாலும் கேஸ் வழியாது, கண்ணுக்கும் தப்பிடும், ரைஃபிள் வெடிக்கும். வேட்டை லோடுக்கு ஐஎம்ஆர் 3031, 4895 ரகத்துல போங்க, கேஸ் நல்லா நிறையும், ரெண்டாவது தடவை ஊத்தினா வழிஞ்சு காட்டிக் கொடுக்கும். எப்படி இருந்தாலும் புல்லட் வைக்கறதுக்கு முன்னாடி ட்ரேல எல்லாக் கேஸையும் லைட் அடிச்சு ஒரு பார்வை பாருங்க. மீதி இடத்தை பஞ்சு, டாக்ரான்னு அடைக்கற பழக்கம் சிலருக்கு இருக்கு, அதனால சேம்பர்ல வளையம் விழுந்த கதைகளும் இருக்கு, உங்களுக்கு அது தேவைப்படாது.

வேகம் எவ்ளோன்னா, செகண்டுக்கு 1800லேர்ந்து 1900 அடி. அதுக்கு மேல போறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. ஈய புல்லட் வேகமா சுத்தச் சுத்த அதுல இருக்கற சின்னச் சின்னக் குறையெல்லாம் பெருசாகும். உங்க பேரலோட ட்விஸ்ட் (பள்ளம் ஒரு முழுச் சுத்து சுத்தற நீளம்) 10 இன்ச்சுன்னா 1800 அடிலயே நிமிஷத்துக்கு 1,29,600 சுத்து, 12 இன்ச்சுன்னா 1,08,000தான். க்ளீனிங் ராட்ல இறுக்கமா துணி சுத்தி உள்ள விட்டு, ஒரு முழுச் சுத்துக்கு எத்தனை இன்ச் போகுதுன்னு மார்க் பண்ணிப் பாத்தா தெரிஞ்சுடும். 170 கிரெயின் 1900 அடில போனா ஏறக்குறைய 1360 அடி-பவுண்டு சக்தி. வெள்ளைவால் மானுக்கு நூறு கஜத்துக்குள்ள தாராளம். பென்சில்வேனியாக் காட்டுல அதுக்கு மேல தெளிவா தெரியறதே கஷ்டம்.

மூக்கு தட்டையா இருக்கற புல்லட்டை மாத்தாதீங்க. குழாய் மேகசின்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணு நிக்கும், கூர் மூக்கு முன்னாடி இருக்கற ப்ரைமர்ல குத்திக்கிட்டு நிக்கறது ஆபத்து. தட்டை மூக்கு மான் உடம்புல வேலை செய்யற விதமும் நல்லது, விரிவு கம்மியா இருந்தாலும் வழி அகலமா போடும். க்ரிம்ப் பள்ளத்துலயே வச்சு நல்லா க்ரிம்ப் பண்ணுங்க, இல்லன்னா ஸ்பிரிங்கும் ரீகாய்லும் சேர்ந்து புல்லட்டை கேஸுக்குள்ள தள்ளிடும். சில பேர் அக்யூரசிக்காக புல்லட் ரைஃப்ளிங்கைத் தொடற மாதிரி நீளமா வைப்பாங்க, வேட்டைல வேண்டாம், சுடாம ரவுண்டை வெளிய எடுக்கும்போது புல்லட் பேரல்லயே மாட்டிக்கிட்டு பவுடர் முழுக்க ஆக்‌ஷன்ல கொட்டும், அன்னிக்கு வேட்டை முடிஞ்சுது.

க்ரூப் (ஷாட்டெல்லாம் எவ்ளோ நெருக்கமா விழுதுன்னு) பாக்கும்போது மூணு ஷாட் போட்டு சந்தோஷப்படாதீங்க, மூணு ஷாட் எதையும் சொல்லாது, குறைஞ்சது அஞ்சு, முடிஞ்சா பத்து. நூறு கஜத்துல மூணு இன்ச்சுக்குள்ள நம்பி அடிக்க முடிஞ்சா மானுக்குப் போதும், ஒரு இன்ச்சுக்காக சீசனை விட்டுடாதீங்க. ஈய புல்லட் சுத்தமான பேரல்ல முதல் சில ஷாட் வேற இடத்துல போடும், லூப் படிஞ்ச அப்புறம்தான் ஒழுங்காகும். அதனால சீசனுக்கு முன்னாடி ஸீரோ (குறி சரிபார்ப்பு) பண்ணிட்டு பேரலை சுத்தம் பண்ணாம விடுங்க, அப்புறம் வேற வேற நாள் காலைல குளிர்ல போய் ஒரே ஒரு ஷாட், அது எங்க விழுதோ அதுதான் உங்க உண்மையான ஸீரோ. நவம்பர் குளிர்ல கெட்டி லூப் கல்லாகி முதல் ஷாட்டைத் தள்ளி விடும், 50/50 ஆலாக்ஸ், தேன்மெழுகு மாதிரி மெத்து லூபா இருந்தா அந்தத் தொல்லை கம்மி.

புல்லட் விரியுதான்னு பாக்க, தண்ணி நிரப்பின பால் கேலன் ஜக் வரிசையா வச்சு சுடுங்க, அம்பது கஜத்துலயும் நூறு கஜத்துலயும். எடுத்துப் பாத்தா மூக்கு குடையா விரிஞ்சு எடை பெரும்பாலும் அப்படியே இருக்கணும். மூக்கு கொஞ்சம் கூட மாறலன்னா சாஃப்ட் ஈயத்தைக் கூட்டுங்க, பாதி எடை காணலன்னா வெள்ளீயம் பத்தல இல்ல ஆண்டிமனி ஜாஸ்தி. கறிக்குள்ள ஈயத்தூள் பத்தி வீட்ல கேப்பாங்க, நியாயம்தான், 2008ல நார்த் டகோட்டால தானமா வந்த மான்கறில ஈயத்துணுக்கு இருக்குன்னு சொல்லி உணவு வங்கிகள்ல விநியோகத்தையே நிறுத்தச் சொன்னாங்க. அந்தப் பிரச்சனை பெருசா வர்றது வேகமான மெல்லிய ஜாக்கெட் புல்லட்ல, 1800 அடில போற ஈயம் அவ்ளோ சிதறாது, இருந்தாலும் காயத்தைச் சுத்தி தாராளமா வெட்டித் தூக்கிப் போடுங்க, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்தப் பக்கத்துக் கறி வேண்டாம்.

சட்டம். இதைப் படிக்கற மத்தவங்களுக்கும் சேத்து சொல்றேன். கலிஃபோர்னியால 2019 ஜூலை 1லேர்ந்து எந்த வேட்டைக்கும் ஈய புல்லட் கூடாது, பவுடர் கோட்டிங் பண்ணினாலும் அது ஈயம்தான். ஒஹையோல மானுக்கு ரைஃபிள்னா நேர்ச்சுவர் கேஸ் மட்டும்தான், கழுத்து குறுகின தர்ட்டி-தர்ட்டி அங்க செல்லாது, அங்க போறவங்க 45-70 பக்கம் பாருங்க. சொந்த உபயோகத்துக்கு லோட் பண்ண லைசென்ஸ் வேண்டாம், ஃப்ரெண்டுக்கு காசுக்கு விக்க ஆரம்பிச்சா ஃபெடரல் லைசென்ஸ் வேணும். எச்-1பில இருக்கறவங்க இதை நல்லா கவனிங்க, அந்த விசால துப்பாக்கியோ தோட்டாவோ கைல வச்சிருக்கறதே ஃபெடரல் குற்றம், செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு உண்டு, ஆனா அது காலாவதி ஆகாம பாத்துக்கறது உங்க பொறுப்பு. ஷெல்ஃப்ல இருக்கற லோட் பண்ணின டப்பாவும் இதுல சேத்திதான், அதனால லைசென்ஸைப் புதுப்பிச்சுட்டு அப்புறமா ஈயப் பானையைப் பத்த வைங்க.